மூக்கை நோக்கிச் சாய்ந்த இறக்கைகள்

அரிமளத்துப் பள்ளியில் பொய்யன் என நான் பெற்ற பெயரைத் திருத்த வேறெவரும் இல்லாமையால் இதனை எழுதுகிறேன்.

நேற்று, இரகசியச் சோதனையோடு கைவிடப்பட்ட ஒரு போர் வானூர்தியின் பிசினில் வார்த்த சிற்றுருவின் பாகங்களைக் கோக்க அமர்ந்தேன். விளக்கத் தாளில் இறக்கைகள் மூக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன. பிற வானூர்திகளில் அவை வாலை நோக்கியே சாய்ந்திருக்கும்.

விமானப்படையில் பழுதுநீக்கும் பணியாற்றிய என் சித்தப்பா, நான் பள்ளியில் படிக்கையில் இதே வடிவத்தைக் கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டியிருந்தார். நான் அதை முருங்கைக் கட்டையில் செதுக்கி, தச்சர்களின் நாறும் வச்சிரப் பசையால் ஒட்டிப் பள்ளிக் கண்காட்சியில் வைத்தேன்.

“எறக்கைய முன்னபின்ன மாத்தி ஒட்டியிருக்கியேடா” என்று ஆசிரியர் நகைத்தார். சித்தப்பா அப்படித்தான் வரைந்தார் என்றேன்.

பார்வையாளராக வந்திருந்த சித்தப்பாவோ, “நான் எங்க சார் வரைஞ்சேன்? தப்பா ஒட்டிப்புட்டு என் தலையில கட்டுறான்” என்று தாமும் சிரித்தார். எல்லாரும் பார்த்திருக்க, இறக்கைகளைப் பெயர்த்துத் திருப்பி ஒட்டினேன்.

அவர் வரைந்தது வெறுங்கற்பனை, அதை ஒப்புக்கொள்ள நாணியே மறுத்தார் என எண்ணி, அவரை என்றோ மன்னித்திருந்தேன். அப்படியொரு வானூர்தி இருந்தது, அவர் உண்மையை அறிந்தே என்னைக் கைவிட்டார் என்பது நேற்றுத்தான் விளங்கிற்று.

அவர் மறுத்ததற்குத் தக்க காரணம் அறிந்தவர் இருப்பின், இக்குறிப்பைத் திருத்தியருள்க. பிழை என்னுடையதாக இருக்கவே விரும்புகிறேன்.