பச்சைத் தாள் ஒட்டிய காடு

தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் கிளப்பில் சங்கையா மார்க்கராக இருந்தார். பில்லியர்ட்ஸ் மேஜையைத் துடைப்பது, பந்துகளை அடுக்குவது, புள்ளி சொல்வது எல்லாம் மார்க்கரின் வேலை. ஆள் கிடைக்காத துரைமாருக்கு எதிராளியாக நின்று ஆடுவதும் அதில் சேர்த்தி. ஆடினால் தோற்க வேண்டும். யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை. சேர்ந்த புதிதிலேயே அவருக்கு அது விளங்கிவிட்டது. படுதோல்வியும் கூடாது. கடைசிப் பந்துவரை இழுத்துக்கொண்டு போய், ஒரு நூல் பிசகவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கோலைச் சாய்த்து வைக்க வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர்.

எழுபத்தெட்டில் எஸ்டேட் மேனேஜரான பெரிய துரையின் தம்பி வெளிநாட்டிலிருந்து கப்பலில் ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பினார். அலமாரி உயரம் இருந்தது. முகப்பில் டெலிவிஷன் கண்ணாடி. அதன்மேல் பச்சைக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே தெரிந்த வெள்ளைக் கோடுகள் எல்லாம் காடாகிவிட்டன. காட்டுக்குள் இரண்டு சிப்பாய்கள். ஆளுக்கு ஒருவனை நடத்திப்போய் மற்றவனைச் சுட வேண்டும். சுடப்பட்டவன் விழுவான், பெட்டி உறுமும், மறுபடி எழுந்து நிற்பான்.

புதிதாக வந்திருந்த சின்ன துரை குரியனுக்கு அதன்மேல் பைத்தியம். அட்டை கடித்த ரத்தம் காயாத காலோடு மலையிலிருந்து நேரே வந்து சங்கையாவைக் கூப்பிடுவார்.

சங்கையாவுக்குப் பெட்டி பிடிபடவில்லை. இடது கையில் ஒரு தடி. அது சிப்பாயை நடத்தும். வலது கையில் ஒரு பிடி. அது துப்பாக்கியை ஏற்றி இறக்கும். பிடியின் தலையில் விசை. தடியைத் தன் பக்கம் இழுத்தால் சிப்பாய் பின்வாங்குவான் என்று நினைத்தார். அவன் புதருக்குள் பதுங்கினான். பதுங்கியவனால் சுட முடியாது. விசையை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு அவனை எழுப்பினால், எழுந்த வேகத்தில் குண்டு வாங்கினான். இரண்டு கைக்கும் இரண்டு வேலை என்பதை மனசு ஒப்புக்கொள்ளவே இல்லை.

இப்படித் தோற்றால் தனக்கு என்ன சுகம் என்று குரியன் அலுத்துக்கொண்டார். காலையில் கிளப்பைக் கூட்டும்போது ஆடிப் பழகிக்கொள்ளச் சொன்னார்.

பழகினார். அசையாமல் நிற்கும் எதிர்ச் சிப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். பதுங்கியிருக்கும்போதே துப்பாக்கியைச் சரியான உயரத்துக்கு ஏற்றிவைத்து, எழுந்ததும் சுடலாம் என்று ஒருநாள் கண்டுகொண்டார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொழிலாளர் லயத்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பெருவிரல் தட்டின் விளிம்பை அமுக்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்திருந்த அவர் மனைவி முத்துப்பேச்சி கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்ன இது, கை துடிச்சிக்கிட்டே இருக்கு? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல பிள்ள," என்று கையை இழுத்துக்கொண்டார்.

அந்த சனிக்கிழமை கிளப்பில் கூட்டம். குரியன் அவரை ஆட அழைத்தார். வழக்கம்போல ஒரு புள்ளியில் தோற்றுவிடலாம் என்றுதான் சங்கையா நின்றார். ஆனால் பில்லியர்ட்ஸில் கோலை நீட்டி யோசிக்க நேரம் உண்டு, இங்கே இல்லை. சிப்பாய் எழுந்தான், விரல் அமுக்கியது, குரியனின் ஆள் விழுந்தான். அடுத்ததும் அப்படியே. பயம் வரும் என்று காத்திருந்தார். பசி மாதிரி வேறு ஏதோ வந்தது.

இன்னொரு ஆட்டம் என்றார் குரியன். பிறகு இன்னொன்று. எல்லாவற்றிலும் சங்கையாவே ஜெயித்தார். சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குரியன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பில்லியர்ட்ஸ்ல இத்தனை நாளும் விட்டுக் கொடுத்ததா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமாங்க தொர," என்றார் சங்கையா.

"எல்லார்க்குமா?"

சீட்டு மேஜையில் பெரிய துரை உட்கார்ந்திருந்தார். சங்கையா தலையைக் குனிந்துகொண்டார். குரியன் அதை வெளியே சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். சில நாள் ஜெயிக்கவும் செய்தார். சாயங்காலம் எப்போது வரும் என்று சங்கையா துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனி மழை பிடித்ததும் ஈரம் ஏறிப் பெட்டி இருண்டுபோனது. பழுது பார்க்க ஆளில்லை. குடோனுக்குத் தூக்கிப் போனார்கள். குரியனுக்கும் வேறு எஸ்டேட்டுக்கு மாற்றல் வந்தது.

பெரிய துரை மறுபடி பில்லியர்ட்ஸுக்குக் கூப்பிட்டார். கடைசிப் பந்து வந்தது. பிசகவிட வேண்டிய இடம் சங்கையாவுக்குத் தெரியும். கை கேட்கவில்லை, பந்து குழியில் போய் விழுந்தது. பெரிய துரை சிரித்தார். மறுநாளும் அதே கதி. அப்புறம் சிரிப்பு இல்லை. அந்த மாதமே சங்கையாவை ஃபாக்டரிக்கு மாற்றிவிட்டார்கள்.

முத்துப்பேச்சிக்குத் தாங்கவில்லை. நிழலில் நின்று பார்த்த வேலை போய்விட்டதே. "போயி மன்னிப்புக் கேளுங்க. தொர மனசு எளகுவாக."

"என்னன்னு கேக்க? பந்தக் குழியில போட்டுட்டேன்னா?"

அவள் விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். கோபம் ஒரு வாரம் இருந்தது.

ஃபாக்டரியில் கொழுந்து நசுக்கும் ரோலரில் போட்டார்கள். சத்தத்தில் காது அடைத்தது, உடம்பெல்லாம் சாறு வாடை. வேலை முடிந்தும் அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவிகுளம் கடைத்தெருவுக்கு இறங்கி, டீக்கடைக் கேரம் பலகைக்கு முன்னால் இடம் காலியாகும்வரை நின்றுகொண்டே இருப்பார்.