நம்பர் இல்லாத டிராக்டரும் திறக்காத பூட்டும்

அன்று எடைமேடை ரூமில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், ஃபேக்டரி மேனேஜர், வெதுருகுப்பத்திலிருந்து தோத்தாபுரி மாங்காய் ஏற்றி வந்த முனிரத்தினம். செல்போனில் குமார். எடை சாஃப்ட்வேரை என்னோடு சேர்ந்து எழுதிவிட்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போனவன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பதியில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் கற்றேன். சித்தூரில் இந்த மாங்கூழ் ஃபேக்டரியில் சேர்ந்த பிறகும், எப்போது துரத்துவார்களோ என்ற பயம் போகவில்லை.

முனிரத்தினத்தின் டிராக்டர் புதுசு. பூமாலை இருந்தது, நம்பர் பிளேட் இல்லை. கேட்டில் நம்பர் இடத்தைக் காலியாக விட்டு டோக்கன் போட்டுவிட்டார்கள். எடை கேட்டதும் 'வண்டி நம்பர் இல்லை' என்று எர்ரர். சேசிஸ் நம்பரை அடித்து மறுபடி கேட்டேன். திரை உறைந்துவிட்டது. ஆஃப் செய்து போட்டேன். அடித்த நம்பர் போய்விட்டது; எர்ரர் வந்தால்தான் நம்பர் அடிக்கும் இடமே திறக்கும். அதே எர்ரர், அதே உறைவு.

“ஏமய்யா, சீசன்லதான் உன் கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வருமா? அஞ்சு மணிக்கு கேட் மூடிடுவேன்” என்றார் மேனேஜர்.

“நாளைக்குன்னா காய் அழுகிப்பூடும் சார்” என்ற முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். “இன்னா நைனா, நீ ஏன் நடுங்கிக்கினு கீற? கடன் வாங்கி வண்டி எடுத்தவன் நானு.”

குமாரைக் கூப்பிட்டேன். எடைமேடையோடு வந்தது சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி. எடை கம்ப்யூட்டருக்குள் வரும் போர்ட்டை, வேறு எதுவும் தொடாதபடி அது பூட்டும். எடை நிலைத்ததும், நாங்கள் எழுதிக் கொடுத்த கால்பேக்கைக் கூப்பிடும்; அது ரூபி மொழியில் உள்ள எங்கள் கோடை ஓட்டும். கால்பேக் வேலை முடித்துத் திரும்பியதும் லைப்ரரி பூட்டைத் திறக்கும்.

“கால்பேக்ல எக்ஸெப்ஷன், அதான் அந்த எர்ரர், வந்தா, சி கோடைத் தாண்டி நேரா ரூபிக்குக் குதிச்சிடும்டா” என்றான் குமார். “பூட்டைத் தெறக்கற வரி ஓடவே இல்ல. ரெண்டாவது வாட்டி கேட்டா பூட்டு முன்னால நின்னுக்கினு கீது.”

“இப்ப இன்னா பண்றது?”

“கால்பேக் உள்ளயே rb_protect-னு ரூபியோட வலை ஒண்ணு கீது, அதைப் போட்டு எர்ரரைப் புடி. புடிச்சத முழுங்கிடாத, பத்திரமா வெச்சிக்கோ. சி-க்கு ஒழுங்கா திரும்பிப் போ. அது பூட்டைத் தெறந்துட்டு வெளிய வந்தப்புறம் எர்ரரைத் தூக்கி வீசு.”

அடித்ததை வரிவரியாக அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

“செமிகோலனெல்லாம் படிக்காதடா, உன் பில் எகிறுது!”

கம்பைல் செய்து ஓட்டினேன். எதிர்பார்த்த எர்ரர் வந்தது. சேசிஸ் நம்பரை அடித்து, கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினேன். எடை விழுந்தது. எனக்கு மூச்சும் வந்தது.

எர்ரர் வருவது தப்பில்லை. கூப்பிட்டவரின் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடுவதுதான் தப்பு. அன்றிலிருந்து எந்தக் கால்பேக்கிலும் எர்ரரை அப்படிப் பிடிக்காமல் விட்டதில்லை.

காயை இறக்கி, காலி வண்டியையும் எடை போட்டு, சீட்டை நீட்டினேன். முனிரத்தினம் கடைசி வரியை மேனேஜர் காதில் விழும்படி உரக்கப் படித்தார்:

“முன்னமே தந்த அட்வான்ஸ் போக, ஃபேக்டரி தரவேண்டிய பாக்கி பதினாலாயிரத்து நூறு ரூபா.”