கிணறு சில்லுனு இருக்கா?

என் தம்பியை எங்க தெருவுல 'தெர்மாமீட்டர்'னுதான் கூப்பிடுவாங்க. வருஷா வருஷம் வந்து, எங்க பொதுக்கிணத்துல ஒரு கம்பியை இறக்கிச் சூடு பார்ப்பான். பார்க்கறவங்களுக்குச் சிரிப்பு வராம என்ன செய்யும்?

எண்ணெய்க் கம்பெனி ஒண்ணுல அவன் வேலையே சூட்டுக் கணக்குதான். ஊருக்கு வெளியே, மண்ணுக்கடியில ஷேல் பாறை ஏடு ஏடா கிடக்கு. துளை போட்டு ஹீட்டரை இறக்கி மாசக்கணக்காச் சூடாக்கினா, பாறையிலேர்ந்து எண்ணெய் கசியும். அந்தச் சூடு எவ்வளவு தூரம் பரவும்னு கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்றது இவன். "கிணத்துப் பக்கம் வராது"ன்னு இவன் சொன்னதை நம்பித்தான் அனுமதியே கொடுத்தாங்க.

கொஞ்ச நாள் சூடாக்கிப் பார்த்துட்டு, கட்டுப்படியாகலைன்னு கம்பெனி மூட்டை கட்டிடுச்சு. அப்புறம் ஒரு நாள் என் வீட்டுல வந்து தலையைப் பிடிச்சுட்டு உக்காந்தான்.

"சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும்னு கணக்குப் போட்டுட்டேன்க்கா. ஏட்டுக்குக் குறுக்கேதான் சூடு மெதுவாப் போகும். ஏட்டோடவே வேகமா ஓடும். ஹீட்டரை அணைச்சாலும் உள்ள இருக்கறது நகர்ந்துட்டேதான் இருக்கும். பத்துப் பன்னெண்டு வருஷத்துல இந்தக் கிணத்துக்கு வந்துடும், எண்ணெயோட."

"அடப்பாவி, படிச்சுக் கிழிச்சது இதுக்குத்தானா?"ன்னு கத்தினேன். மறுநாளே கிளம்பிட்டான். ஆபீஸ் ஆபீஸா ஏறி, தப்பு என்னோடதுன்னு அவனே சொல்லி, வேலையும் போய், கடைசியில எங்க தெருவுக்குக் குழாய்த் தண்ணி கொண்டுவந்தான்.

ஆனா பத்து வருஷம் ஆகியும் கிணறு என்னவோ சில்லுனேதான் இருந்துச்சு. "என்னடா, உன் சூடு வழியில படுத்துத் தூங்கிடுச்சா?"ன்னு கேலி பண்ணுவேன். "தூங்கட்டும்க்கா"ம்பான். இந்தக் கணக்கும் தப்பாப் போயிடணும்னு அவனுக்கு அவ்வளவு ஆசை.

இந்த வருஷம் அவனால வர முடியலை. ஆஸ்பத்திரியில கிடக்கான், டாக்டர் கையை விரிச்சுட்டார். நானே வாளியை இறக்கினேன். தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு, மண்ணெண்ணெய் வாடை வேற. கிணத்தடியிலேயே உக்காந்து அழுதேன்.

கட்டில் பக்கத்துல போனதுமே கேட்டான். "சில்லுனு இருக்காக்கா?"

"பல்லு கூசுதுடா கண்ணு. நிம்மதியாத் தூங்கு."

என்னையே பார்த்தான். "திட்டாமப் பேசறே. வந்துடுச்சா?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"யாராவது குடிச்சாங்களா?"

"யாருடா குடிப்பா, மடையா? எல்லார் வீட்லயும் உன் குழாய்த் தண்ணிதானே!"

திட்டினப்புறம்தான் நம்பினான். கண்ணை மூடிக்கிட்டான்.