ஒரு மணி பஸ்ஸில் போன செய்தி

இன்று காலை பாறசாலை ஜங்ஷனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜீப் ஞானதாஸ் அண்ணனின் மரணத்தை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனது. அடக்கம் மூன்று மணிக்கு, சபைக் கல்லறையில். மலையாளத்தில் மட்டும் சொன்னார்கள். அண்ணன் அந்த மைக்கைப் பிடித்திருந்த காலத்தில் ஒவ்வொரு சாவையும் இரண்டு மொழியிலும் சொல்வார். தமிழில் சொல்லும்போது குரல் சற்றுத் தாழும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மைக்கிலிருந்து கேபிள் டிவி செய்திக்கும், அங்கிருந்து நகரசபைக்கும் போனார். எந்த நகரசபை என்பது வேண்டாம். கவுன்சிலரான பிறகும் பழக்கம் விடவில்லை; கூட்டத்தில் பேசப்போவதை முன்னதாகவே செய்தியாக எழுதி என்னிடம் தருவார்.

நான் அப்போது பகுதிநேர நிருபர். செய்திக் கவரை ஒரு மணி பஸ் டிரைவரிடம் கொடுத்தால்தான் திருவனந்தபுரம் ஆபீசுக்கு நேரத்தோடு சேரும். கூட்டமோ மூன்று மணிக்கு. ஆகவே நடக்காததை நடந்ததாக எழுதி அனுப்புவோம். ஏதாவது மாறினால் பூத்திலிருந்து போன் செய்ய வேண்டும். பெரும்பாலும் மாறாது.

கவரில் மீன் வாடை என்று ஆபீசில் திட்டுவார்கள். பஸ் நிற்கும் இடத்தில்தான் ரோசம்மாக்காவும் ஏழெட்டுப் பெண்களும் மீன் விற்றார்கள். அவர்களை அகற்றும் தீர்மானம் ஒருநாள் வந்தது. அன்று காலை ரோசம்மாக்கா அண்ணனை மறித்தார்.

“மெம்பரே, கையத் தூக்கிராதீரும். தூக்கினா நாளைக்கு உம்ம வீட்டு நடையிலயாக்கும் கூடைய இறக்குவோம்.”

அண்ணன் சிரித்தார். ‘கவுன்சிலர் கடுமையாக எதிர்த்தார்’ என்று எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். கவர் பஸ்ஸில் போயிற்று.

கூட்டத்தில் கட்சிக்காரர் ஒருவர் அண்ணனின் காதருகே குனிந்தார். அண்ணன் கையைத் தூக்கினார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

“எலே மக்கா, கவர் போயாச்சா?” என்றார் வராந்தாவில்.

“போயாச்சு அண்ணா. போன் பண்ணி மாத்தட்டா?”

எதிரேயிருந்த பூத்தைப் பார்த்தார். பிறகு என்னை. “எனக்கு ஒரு கல்யாணவீடு உண்டு, வாறேன்.”

நான் பூத் வாசலில் கொஞ்சநேரம் நின்றேன். போன் செய்யவில்லை.

அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் வாசித்தபோது அண்ணன் பத்திரிகையோடு எழுந்தார். “நான் எதிர்த்ததாக்கும். பேப்பர்ல உண்டு.” சேர்மன் நிருபர் பெஞ்சுக்குத் திரும்பினார். அன்றைக்கு வந்திருந்த ஒரே நிருபர் நான்தான்.

“நீரு கண்டதத்தானே எழுதினீரு?”

“கண்டதத்தான் எழுதினேன்” என்றேன்.

மினிட்ஸ் திருத்தப்பட்டது. தீர்மானம் விழுந்தது. ரோசம்மாக்கா எனக்கு ஒரு பொதி சாளை மீன் கொடுத்தார். என் செய்தி வந்த பக்கத்திலேயே பொதிந்திருந்தார்.

அண்ணன் இதைத் திட்டமிட்டாரா, பயந்தாரா, வெறுமனே தப்பித்தாரா? பலமுறை அவர் வீட்டுக்குப் போயும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொன்ன பொய்யையும் பேசவேண்டி வரும்.

இன்று ஆபீசிலிருந்து இரங்கல் குறிப்பு கேட்டார்கள். ‘மீன்காரப் பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர்’ என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அவர்கள் மீன் விற்ற ஓரம் ரோட்டை அகலப்படுத்தியதில் போய்விட்டது. பூத் இல்லை, கவர் இல்லை. போனிலிருந்து அனுப்பிவிட்டேன், அனுப்பிய பிறகும் திருத்தலாமாம்.

மணி ஒன்றுதான் ஆகிறது. ‘அடக்கம் நடைபெற்றது’ என்று எழுதியிருக்கிறேன்.