மாற மறுத்த பெயர்

கம்ப்யூட்டர் சொல்லித்தரும் வேலையில், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் யாரும் பயிற்சி தருவதில்லை. சக வாத்தியார்களே, உங்களுக்கும் அப்படித்தானே?

போன வருஷம் கணவருக்கு மில் வேலை போனது. பாப்பா அப்போது கைக்குழந்தை. காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், புதிதாக வந்திருந்த ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியை எடுக்கச் சேர்ந்தேன். என் கான்வென்ட் இங்கிலீஷை நம்பித்தான் வேலைக்கு எடுத்தார்கள். "முதல் பேட்ச் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு நிரந்தரம் பண்ணலாமுங்க" என்றார் முதலாளி. அன்று பிடித்த பயம்.

மெஷினுக்கு என்ன நோய்?

அன்னூரிலிருந்து வரும் மாணவன் பழனிசாமி தன் பெயரை இங்கிலீஷ் சின்ன எழுத்தில் அடித்தான். அதைப் பெரிய எழுத்தாக்கும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் பெயர் அப்படியே நின்றது. "மெஷின் சரியில்லை" என்று அவனைப் பக்கத்து மெஷினுக்கு நகர்த்தினேன். அங்கும் அதே கதை. அதற்கடுத்ததிலும்.

ஏசி அறை என்று செருப்பை வாசலில் விட்டு வந்த பிள்ளைகள், வெறுங்காலோடு என் பின்னால் ஊர்வலம் வந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. செல்வி என்ற பெண் கேட்டாள்: "ஏனுங்க மேடம், எல்லா மெஷினுக்கும் ஒரே நோய்ங்களா?"

அப்பா பேச்சும் ஜாவா பேச்சும்

சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்க்கும் ரஷீதா புரியவைத்தாள். ஜாவாவில் ஒருமுறை உண்டான சொல் மாறவே மாறாது. கட்டளை போட்டால் புதிதாக இன்னொரு சொல்லைச் செய்து நீட்டும். அதை வாங்கி வைக்காவிட்டால் போயே போச்சு. நான் வாங்கி வைக்கவில்லை; அதனால்தான் பழைய சின்ன எழுத்துப் பெயரே நின்றது.

மறுநாள் வகுப்பில் சமாளித்தேன்: "எங்கப்பா 'என் பேச்சு மாறாது'ம்பார். சாயங்காலமே மாத்திடுவார். ஜாவாவுல 'மாறாது'ன்னா நெஜமாவே மாறாது." பெருமையாக நிமிர்ந்தபோது பழனிசாமி எழுந்தான்: "அப்ப நேத்து நீங்க மெஷின் மேல பழி போட்டதும் மாறாதுங்களா மேடம்?"

முதலாளி அறை

வகுப்பே சிரித்தது. கதவருகே நின்ற முதலாளியும் கேட்டுவிட்டார். மாலையில் கூப்பிட்டார். வேலை போயிற்று, இனி பாப்பாவுக்குப் பால் டப்பா யார் வாங்குவது என்று நினைத்தபடி போய் நின்றேன்.

"ஜாவாவ ரஷீதா பார்த்துக்கட்டும். நீங்க கடுதாசி டைப் பண்ற கிளாஸ் எடுங்க" என்றார். அவர் முடிக்கும் முன்பே தலையாட்டி, நன்றியும் சொல்லிவிட்டேன். அவமானத்தை முந்திக்கொண்டு நிம்மதி வந்ததுதான் இன்னும் கூசுகிறது. அவரே சிரித்துவிட்டார்: "இருங்க அம்மணி, ஞாயித்துக்கெழமையும் வரோணும்னு நான் இன்னுஞ் சொல்லவே இல்லீங்களே!"

ஒரு வகுப்பில் போன மானத்தை யாராலும் திருத்தி எழுத முடியாது, அடுத்த வகுப்பில் புதிதாக ஒன்று சம்பாதித்து, இந்த முறையாவது மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.