கொத்தனார் வீட்டுப் பூங்கா

கொத்தனார் தங்கராஜின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான், தான் குடியிருப்பது ஒரு பூங்காவில் என்பது அவருக்குத் தெரியவந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் நகரமைப்பு ஆபீஸ் ஒன்றில் நான் டிராஃப்ட்ஸ்மேன். மாஸ்டர் பிளானுக்கு வர்ணம் பூசுவது என் வேலை. வீடு மஞ்சள், கடை நீலம், பூங்கா பச்சை. எங்கே எது என்று தீர்மானிப்பவர் பிளானர் சார். வெளிநாட்டில் தோட்ட நகரக் கொள்கை படித்துவிட்டு வந்த மலையாளி. விமானத்திலிருந்து எடுத்த போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மரக்கூட்டம் தெரிந்த இடமெல்லாம் பூங்கா. இந்த ஊரில் மரத்துக்கு அடியில்தான் வீடே இருக்கும். அது மேலேயிருந்து எப்படித் தெரியும்?

"ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துரலாமே சார்" என்றேன்.

"அதொக்கெ பின்னெ பார்க்கலாம். இது சிட்டியோட லங்ஸ் ஆக்கும், கேட்டோ" என்றார், எனக்காகத் தமிழ் கலந்து.

தங்கராஜ் மாடியில் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டு வந்தார். பொண்ணு மாப்பிள்ளைக்குத் தனி அறை வேண்டும், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்களாம். பிளானில் அவர் வீடு இருந்த இடம் பச்சை; பார்க் ஜோனில் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டோம்.

"அப்ப நாங்க இத்தன வருசமும் பார்க்குலயா சாரே சோறு பொங்குனோம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வற்புறுத்தியதால் பிளானர் சார் இடத்தைப் பார்க்க ஒப்புக்கொண்டார். "வீடு நல்லா வெளியே தெரியணும். மரம் மூடிக் கிடந்தா ஞான் எந்து செய்யும்?" என்று தங்கராஜிடமே சொன்னார்.

நாங்கள் போனபோது வீடு நன்றாகத் தெரிந்தது. இரண்டு பலா, ஒரு மாமரம், தென்னை, எதுவும் மிச்சமில்லை. தங்கராஜின் மனைவி எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிளானர் சார் திருப்தியோடு தலையாட்டினார். பச்சையைச் சுரண்டி நான் மஞ்சள் பூசினேன். விஷயம் பரவி, அடுத்த சர்வேக்குள் அந்தத் தெரு முழுவதும் கோடாலிச் சத்தம். பசுமையைக் காப்பாற்ற நாங்கள் போட்ட திட்டம் அப்படித்தான் வேலை செய்தது.

கல்யாணம் நடந்தது. சித்திரை மாதம் ஒருநாள் தங்கராஜ் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மாடி அறை அடுப்பாகக் கொதித்ததால் புதுப்பெண் கீழே வந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டாள்:

"வீட்டச் சுத்தி ஒரு மரம்கூட வைக்கலியா மாமா?"

தங்கராஜ் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"மரம் வச்சா வீடு பார்க்காயிரும் மக்ளே. ஃபேனப் போட்டுக்கோ."