முளைக்காத பயறும் மூன்றாவது பீரியடும்

போன திங்கட்கிழமை காலை. தில்லி லோதி ரோடு ஆபீஸில் அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்... போன். மறுமுனையில் என் மனைவி ஜெபா. பள்ளி நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"ஏங்க, ஒண்ணுகூட முளைக்கல! ஏசப்பா... மூணாவது பீரியடு பிரின்சிபல் வந்து உக்காந்துருவாங்க. நான் என்னத்தக் காட்ட?"

"நான் என்ன செய்ய? ஏஐ அப்படித்தானே சொல்லிச்சு!" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

குற்றவாளி நான்தானே?

ஜெபா இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். மூன்று வருடமாக டெம்பரரி. இந்த ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவளை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு. கூடவே ஒரு நிபந்தனை — பாடத்தை ஏஐ உதவியோடு தயாரிக்க வேண்டும்.

ஏஐ என்றாலே அவளுக்கு ஆகாது. "நான் சொல்லித் தரவேண்டியத அது சொல்லித் தந்தா, எனக்கு அங்க என்ன சோலி?" என்பாள். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் அவள் கட்சி. மீதிப் பேர் வினாத்தாள் முதல் பிறந்தநாள் வாழ்த்து வரை அதனிடமே வாங்குகிற கட்சி.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? 'விதை முளைப்பது பற்றி ஒரு பாடம் கொடு' என்று நானே தட்டினேன். பேப்பர் கப், ஈரப் பஞ்சு, பச்சைப்பயறு. ஜன்னலோரம் வைத்தால் இரண்டு மூன்று நாளில் முளைக்கும் என்று பளிச்சென்று பதில் வந்தது. வியாழக்கிழமையே வகுப்பில் வைத்தாயிற்று.

இது ஜனவரி மாதத் தில்லி என்று நான் சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை. அதை விடுங்கள்... டிசம்பர் பிறந்தால் தோசை மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்துகிற வீடு எங்களுடையது! ஸ்கிரீனில் வந்துவிட்டால் நமக்குத் தெரிந்ததுகூட ஏன் மறந்துபோகிறது?

அன்று ஆபீஸில் என்ன வேலை செய்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சாயங்காலம் கதவைத் திறந்தவள் முகத்தில் சிரிப்பு. அப்பாடா!

நடந்தது இது. காவ்யா என்றொரு சிறுமி. சொன்ன பேச்சைக் கேட்காமல் தன் கப்பை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பிரின்சிபல் கடைசி பெஞ்சில் உட்காரவும், இவள் பையைத் திறக்கவும் சரியாக இருந்திருக்கிறது.

"மேம், மேரா நிகல் ஆயா! என்னோடது முளைச்சிருச்சு! பாருங்க, வால் வந்துடுச்சு!"

வகுப்பே எழுந்து ஓடியிருக்கிறது. ஜெபா ஏஐ தந்த தாளை மடித்து வைத்துவிட்டாள்.

"எல்லாருக்கும் அதே பயறு, அதே பஞ்சு, அதே தண்ணி. இது மட்டும் ஏன் முளைச்சுது?"

"மேம், நான் ஃப்ரிட்ஜ் பின்னாடி வச்சேன். அங்க கரம் கரமா, சூடா இருக்கும். எங்க பில்லிகூட அங்கதான் தூங்கும்!"

பூனை தேடுகிற அதே சூடுதான் பயறுக்கும் வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"இந்தக் கேள்வியும் ஏஐ கொடுத்ததா?" என்று பிரின்சிபல் கேட்டாராம்.

"இல்ல மேடம். அது சொன்னபடி முளைக்கல. அதனால நான் கேட்டேன்" என்றாளாம்.

"அச்சா. பெர்மனென்ட் ஆர்டர் போடச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாராம்.

சொல்லி முடிப்பதற்குள் ஜெபாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். மூன்று வருடப் பாரம் அல்லவா!

கண்ணைத் துடைத்தவள், என் போனைப் பிடுங்கி ஏஐயிடம் சண்டைக்குப் போனாள். அதுவும் உடனே வருத்தம் தெரிவித்தது. குளிரில் கூடுதல் நாளாகும், தான் ஊரையும் மாதத்தையும் கேட்டிருக்க வேண்டும் என்றது.

"ஏங்க, தப்புன்னு சொன்னதும் ஒடனே ஒத்துக்கிடுதே! நல்ல புள்ளதான். அடுத்த பாடத்துக்கும் கேக்கேன். ஆனா நான் திருத்தின பொறவுதான் கிளாஸுக்கு வரும்."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்... எனக்கு இன்னும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை!